எல்லைக்கல் வரை வெட்டிய வடிகால்

வயலோர வடிகாலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெங்காயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தேன். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. கரையில் என் வீட்டுக்காரர் ஒரு கையில் குடையும் மறு கையில் என் செருப்புமாக நின்றார்.

"ரோசி, நீ பண்றது தவமா தண்டனையான்னு சொல்லிடு. கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"ரெண்டும் இல்லீங்க, வேலை. அந்தக் கொக்கிய எடுத்துக் குடுங்க."

மூங்கில் கழியின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டிய கொக்கி அது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சேறு படாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, எட்டி நின்று நீட்டினார். வாழ்நாளெல்லாம் நாகப்பட்டினம் பஸ் ஓட்டியவர். வயலை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

வெங்காயத்தாமரையின் வேரை நீங்கள் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? தூரத்திலிருந்து பார்த்தால் ஊதாப்பூ பூத்து அழகாக இருக்கும். இழுத்துப் போட்டால் கறுப்பாகத் தாடி மாதிரி வேர் தொங்கும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதற்குள் அட்டை இருக்கும், சமயத்தில் தண்ணீர்ப் பாம்பும் இருக்கும். மழையில் நனைந்தபடி, அறுபதை நெருங்குகிற வயதில், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "டீச்சர், உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டிருந்தார். வரும் அம்மா, நன்றாகவே வரும். இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஸ்டார் கட்டினால் போதுமா

நான் வடிகாலில் இறங்கியது டிசம்பர் மாதம், திருவருகைக் காலத்தில். மற்ற மதத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிறிஸ்மஸுக்கு முன்னால் வருகிற நாலு வாரத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம். ஆண்டவர் பிறந்து வரப்போகிறார், அதற்கு மனசைத் தயார் செய்ய வேண்டும். ஃபாதர் ஊதா உடுப்பு போட்டுக்கொண்டு பூசை வைப்பார். பீடத்தின் பக்கத்தில் பச்சை இலையில் ஒரு வளையம் செய்து நாலு மெழுகுவர்த்தி நிறுத்தி, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்றால் எங்கள் ஜனத்துக்குத் தெரியும். சாம்பல் பூசுவார்கள், கறி மீன் விடுவார்கள், சிலுவைப் பாதைக்கு முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். திருவருகைக் காலத்தை மட்டும் யாரும் சீந்துவதில்லை. அந்த நாலு வாரமும் துணியெடுக்கத் தஞ்சாவூர் போவதிலும் கேக்குக்குச் சொல்லி வைப்பதிலும் போய்விடும். யார் வீட்டு ஸ்டார் உயரம் என்ற போட்டி வேறு. ஊரில் உண்மையாகத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் டெய்லர்தான்.

ஆண்டவர் பிறந்த கொட்டகை மாதிரி கட்டுகிற குடிலைக் கேட்கவே வேண்டாம். வெளியே முழங்கால் தண்ணீர் நிற்கும், உள்ளே மாட்டுக்கொட்டகை மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பனி கொட்ட வைத்திருப்பார்கள்.

கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. இருபத்துநாலாம் தேதி சாயந்திரம் வரை கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றுகூட ஸ்பீக்கரில் போகக்கூடாது என்று ஒரு வருஷம் சட்டம் போட்டேன். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். முதலில் நாலு மெழுகுவர்த்தியும் எரியட்டும், பிள்ளை பிறக்கும் முன்பே தாலாட்டு பாடுவீர்களா என்று கேட்டேன், அடங்கிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு 'மெழுகுவர்த்தி டீச்சர்' என்று பெயர். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இவ்வளவு கண்டிப்பு ஊருக்கு. என் மனசுக்குள் என்ன கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்கு கேட்ட தங்கச்சி

என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று முடிச்சு சுமந்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, மன்னார்குடி ரோட்டை ஒட்டி ஆறு மா நிலம், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், வாங்கினார். அந்த நிலத்தில் முதல் முறை இறங்கியபோது அவர் குனிந்து மண்ணைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தவள் நான்.

அவர் போன பிறகு என் பங்கைக் கேட்டேன்.

அவ்வளவுதான். வீடு இரண்டாகிவிட்டது. "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்றார்கள். "சட்டம் பேசுற பொம்பள" என்றார்கள். பக்கத்து ஊர்ச் சொந்தமெல்லாம் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனது. நான் அசையவில்லை. நான் பிள்ளை இல்லையா? அப்பா சுமந்த நாற்று எனக்குச் சோறு போடவில்லையா?

என் அண்ணன் பெயர் சவரிமுத்து. நான் முதல் நன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, வாங்கிய அன்று நல்ல மழை. என் வெள்ளை கவுனில் சேறு படக்கூடாது என்று கோயில் வாசல் வரை என்னைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். தன் புதுச்சட்டை சேறான பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பேர்ப்பட்ட அண்ணன், சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து நிலத்தை அளந்த அன்று தள்ளியே நின்றான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். ரோட்டுப் பக்கம் மேல் பாகம் எனக்கு, கீழ்ப் பாகம் அவனுக்கு. நடுவில் கல் நட்டார்கள். பட்டா மாறி என் பெயருக்கு வந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிடுகிற நேரத்தில் அவன் சுவரைப் பார்த்துக் கும்பிடுவான். நானும் லேசுப்பட்டவள் இல்லை, சுவர் இருக்கும் பக்கமே திரும்பமாட்டேன். இப்படியே சில கிறிஸ்மஸ் போயின.

இரண்டு வயலுக்கும் பக்கவாட்டில் ஒரே வடிகால்தான். மழைத் தண்ணீர் என் வயலிலிருந்து அதில் இறங்கி, அவன் வயலோரமாகப் போய், கீழே குழாய்ப்பாலம் தாண்டிப் பெரிய வாய்க்காலில் விழ வேண்டும். அப்பா இருந்தவரை மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வெட்டிவிடுவார். பாகம் பிரிந்த பிறகு, மேலே இருக்கிறவள் வெட்டட்டும் என்று அவன் இருந்தான். கீழே இருக்கிறவன் வெட்டட்டும் என்று நான் இருந்தேன். வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் நிம்மதியாக வளர்ந்தன.

மானாமதுரைக்காரர் சொன்ன வழி

அந்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்திருந்த ஃபாதர் சின்ன வயதுக்காரர். மானாமதுரைப் பக்கம், வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் இங்கே ஜனங்கள் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை.

திருவருகைக் காலத்தின் முதல் வாரம், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அண்ணன் மேல் கோபம் இருக்கிறது, அது போகமாட்டேன் என்கிறது என்று சொன்னேன். பங்கை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுவது என்ற முடிவோடுதான் முழங்கால் போட்டிருந்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதைச் சொல்லவில்லை. "பங்கு உங்களோடது, அது இருக்கட்டும்மா. அண்ணன் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

"வேணும் ஃபாதர்" என்றேன்.

"அப்ப அவர் உங்ககிட்ட வர்ற வழியில என்ன கிடக்குன்னு பாருங்க. உங்களால முடிஞ்சத எடுத்துப் போடுங்க. கிறிஸ்மஸுக்குள்ள."

வீட்டுக்கு வரும் வழியில் வயலைப் பார்த்தேன். வடிகால் கண்ணில் பட்டது. எடுத்துப் போட வேண்டியது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆள் விட்டு வெட்டக்கூடாது, என் கையாலேயே வெட்ட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன். நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் என்னைத் திருப்ப ஆள் கிடையாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அதனால்தான் தடுக்காமல் குடையோடு கூட வந்தார்.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் வயலுக்கு. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். "என்ன டீச்சர், நூறு நாள் வேலையா?" என்று கேட்பார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டேன். கையெல்லாம் காட்டாமணக்குப் பால் பட்டு அரித்தது. இடுப்பு விட்டுப்போனது. ஆனால் மனசு ஒரு நாளும் பின்வாங்கவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய நாள் சர்வே கல் வரைக்கும் வெட்டி முடித்தேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை.

ரோஜா மெழுகுவர்த்தி

வடிகாலைக் கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு வரவேண்டும். இது எங்கள் பக்கத்தில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேலே திறந்துவிட்டுக் கீழே அடைத்து வைத்தால் தண்ணீர் எங்கே போகும்? எனக்கும் தெரியும். ஆனால் கீழே வெட்ட அண்ணன் வயலில் கால் வைக்க வேண்டுமே. அதற்கு என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. நான் வெட்டியிருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு அவன் தன் பாகத்தை வெட்டிக்கொள்வான் என்றும் ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முழங்காலில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, என் வேலையை நான் முடித்துவிட்டேன். இனி அவன் பாடு, உங்கள் பாடு." மனசு லேசாக இருந்தது. நான் தயார் என்றே நினைத்தேன்.

அன்று சாயந்திரம் பிடித்த மழை விடிகிற வரை கொட்டியது.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் என் வயலில் தண்ணீர் மடமடவென்று இறங்கியிருந்தது. பயிர் தலை நிமிர்ந்து நின்றது. சந்தோஷமாக வரப்பிலேயே நடந்தேன். கல்லைத் தாண்டிப் பார்த்தேன், அண்ணன் வயலைக் காணோம். வெள்ளையாகத் தண்ணீர் மட்டும் நின்றது. என் வயல் தண்ணீரும் மேலே உள்ளவர்கள் தண்ணீரும் நான் திறந்துவிட்ட வழியில் பாய்ந்து வந்து, கீழே அடைப்பில் முட்டி, வரப்பை உடைத்துக்கொண்டு அவன் பயிருக்குள் புகுந்திருந்தது. தொண்டைக்கதிர் பயிர், இன்னும் சில நாளில் கதிர் வெளியே வரவேண்டியது. நுனிகள்கூட அங்கங்கேதான் தெரிந்தன.

ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், 'நல்லா வேணும்' என்று என் மனசு சொன்னது. காலைப் பூசை, முழங்கால், மெழுகுவர்த்தி எல்லாம் முடித்துவிட்டு வந்து நிற்கிற மனசு இது.

விஷயம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. "டீச்சர் திட்டம் போட்டு அண்ணன் வயல மூழ்கடிச்சுட்டாங்க, இதுக்குத்தான் தினமும் எறங்கி வேலை பாத்திருக்காங்க" என்று பேச்சு. நியாயம்தானே, வேறு எப்படிப் பேசுவார்கள்? ஃபாதர் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது வாய்க்கால இல்லம்மா."

"தெரியுது ஃபாதர். எங்க ஊர்ல வழின்னா மொதல்ல இதுதான் ஞாபகம் வரும்."

மனசைத் தயார் செய்வதென்றால் என் பக்கத்தைச் சுத்தமாக்கிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். என் பக்கத்தைச் சுத்தமாக்கினேன், அவ்வளவும் போய் அண்ணன் தலையில் நின்றது. அவன் வரப்பில் கால் வைக்க மாட்டாதவள் எந்த மனசைத் தயார் செய்தேன்? வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார நேரமில்லை. தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் பயிர் போய்விடும்.

கீழ்முனை

அரிவாளையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு நேராகக் குழாய்ப்பாலத்துக்குப் போனேன். அண்ணன் பாகத்தின் கடைசி முனை அது. யாரையும் கேட்காமல் இறங்கினேன். பின்னால் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் என் வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். குடையைக் கரையில் விட்டுவிட்டார்.

"எனக்கு என்ன செய்யணும்னு தெரியாது. சொன்னா செய்வேன்" என்றார்.

பாலத்தின் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது கரையில் நிழல் தெரிந்தது. அண்ணன். தோளில் மண்வெட்டி. மழை படாமல் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"யாரக் கேட்டு என் வயல்ல எறங்குன?"

"யாரையும் கேக்கல."

"பயிர மூழ்கடிச்சுட்டு இப்ப வந்து பவுசு காட்டுறியா?"

"மூழ்கடிச்சது நான்தான். வேணும்னு செய்யல. உன் மண்ணுல கால் வைக்கக் கூடாதுங்குற ரோஷத்துல கல்லோட நிறுத்திட்டேன். திட்டணும்னா நல்லா திட்டு. நான் வெட்டிக்கிட்டே கேக்குறேன்."

"வெளிய வா."

"வரமாட்டேன். தண்ணி வடியாம வரமாட்டேன்."

அவன் மண்வெட்டியைக் கரையில் ஊன்றினான். "பங்கத் திருப்பிக் குடுத்துட்டு சமாதானம் ஆகத்தான் நீ தெனம் இங்க வர்றேன்னு ஊர்ல சொன்னாங்க" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். அவன் இறங்கி வந்திருப்பான். ஊரும் மெச்சியிருக்கும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய். கொஞ்ச நாளில் அது உள்ளே அழுகி நாறும், மறுபடி அவன் மேல்தான் கோபமாகத் திரும்பும்.

"குடுக்கமாட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரர் கையிலிருந்த கொக்கி தண்ணீரில் விழுந்தது. "அப்பா உனக்கு மட்டும் அப்பா இல்ல. பங்கையும் விடமாட்டேன், உன்னையும் விடமாட்டேன். ரெண்டுல ஒண்ணுதான்னு எவன் சொன்னான்?"

அவன் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வரப்போடு நடந்து போய்விட்டான். நான் அழுதுகொண்டே வெட்டினேன். கை நிற்கவில்லை. அவன் பேசாவிட்டாலும் அவன் வயல் தண்ணீர் வடிந்தாக வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே காட்டாமணக்கு வெட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன்தான், எதிர்க்கரை வழியாக இறங்கியிருந்தான். எங்கள் பக்கம் பார்க்காமல் வெட்டினான். நாங்கள் கீழிருந்து மேலே போகப் போக, அவனும் நாங்கள் இருந்த பக்கமாக வந்தான். நடுவில் ஒரு பெரிய அடைப்பு, காட்டாமணக்கு வேரில் தாமரை முழுக்கச் சிக்கிக் கட்டிலளவுக்குக் கிடந்தது.

"மச்சான், நீங்க மேல ஏறிக்கிங்க. வழுக்கும்" என்றான் என் வீட்டுக்காரரிடம். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னமும் பங்க விடமாட்ட?" என்றான்.

"மாட்டேன்."

"எனக்கும் மனசு ஆறல."

"தெரியும்."

"சரி. அந்தத் தலைப்பப் புடி. நான் சொல்றப்ப இழு."

பிடித்தேன். அவன் அடியில் மண்வெட்டியால் வேரை வெட்டி, "இழு" என்றான். இழுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அடைப்பு பெயர்ந்து கரையில் சாய்ந்தது. தண்ணீர் 'ஹோ' என்று ஓட ஆரம்பித்தது. நிற்க முடியாமல் நான் தள்ளாடினேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

நாங்களும் கரையேறி, மூன்று பேரும் வயலைப் பார்த்தபடி நின்றோம். தண்ணீர் இறங்க இறங்கப் பயிர் நுனி தெரிந்தது.

"கீழ்ப்பக்கம் போச்சு. மேல கொஞ்சம் தேறும்" என்றான்.

"என்னாலதான்."

"ஆமா, ஒன்னாலதான்." சாக்கைத் தலையிலிருந்து எடுத்துப் பிழிந்தான். "கரையில கெடக்குறத எல்லாம் தள்ளிப் போடணும். இல்லன்னா அடுத்த மழையில திரும்ப உள்ள விழும். நாளைக்கு வா."

"பூசை முடிச்சுட்டு வர்றேன்."

"அதுக்கு முன்னாடி வா. வேலைய முடிச்சுட்டுப் பூசைக்குச் சேந்தே போயிடலாம்."

"சரிண்ணே" என்றேன்.